ஜன்னலில் இரண்டு பட்டடை

தெல்மா காப்புக்கான வெள்ளிப் பட்டையைத் தீயில் காட்டிக்கொண்டிருந்தாள். கொட்டகைக் கதவைச் சாத்தி, ஜன்னலுக்கும் சாக்கை இழுத்துவிட்டிருந்தாள். வெளிச்சத்தில் வெள்ளி ஏமாற்றும். மங்கலில்தான் அது சிவப்பது தெரியும். அந்தச் சிவப்பைத் தாண்டி ஒரு மூச்சு கூடுதலாகக் காட்டினால் உருகி வழிந்துவிடும். பதம் வந்ததும் சாவணத்தால் கவ்வி எடுத்துத் தண்ணீரில் போட்டாள். பிறகு துடைத்து, மரக்கட்டையில் பதித்திருந்த தண்டவாளத் துண்டின்மேல் வைத்தாள். அதுதான் அவளுடைய பட்டடை. பிறை பதிக்கும் அச்சை நிறுத்தி, சுத்தியலால் ஒரு போடு போட்டாள்.

ஒரே போடுதான் போட வேண்டும். சரியாக விழவில்லையே என்று இன்னொன்று போட்டால் கோட்டுக்குப் பக்கத்தில் கோடு விழுந்து, காப்பு குடிகாரன் கையெழுத்து மாதிரி ஆகிவிடும். அவள் அளவுகோல் வைப்பதில்லை, கோடு கிழித்துக்கொள்வதும் இல்லை. நடுவில் நீலப்பச்சைக் கல்லுக்கு இடம் விட்டு, இரண்டு பக்கமும் பிறைகளை இறக்கிக்கொண்டே போனாள். அந்த அச்சு ஒரு பழைய லாரியின் வால்வுக் கம்பியை அறுத்து, அரம் போட்டு, அவளே செய்துகொண்டது. கடையில் விற்கிற அச்சு அவளுக்கு ஆகாது.

பாதி வரிசை முடிந்திருந்தபோது கீழே வண்டி வரும் கடகட சத்தமும் பின்னாலேயே ஹாரனும் கேட்டன. மருமகன் டெல்பர்ட் வந்துவிட்டான். தெல்மா சுத்தியலை வைத்துவிட்டு, பின்கதவு வழியாக வெளியேறி, வீட்டுச் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அவர்களுடைய நவஹோ பழங்குடிப் பேச்சில் மாமியாருக்குப் பெயரே 'பார்க்கக்கூடாதவள்' என்பதுதான். மருமகன் அவள் முகத்தைப் பார்க்கக்கூடாது, அவளும் அவனைப் பார்க்கக்கூடாது. பார்த்தால் கண் போய்விடும் என்பார்கள். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நிறையப் பேர் அதையெல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டார்கள். தெல்மா விடவில்லை, டெல்பர்ட்டும் விடவில்லை. மகள் ரோஸ்லினுக்குக் கல்யாணமான நாளிலிருந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அதில் பயம் கொஞ்சம், மரியாதைதான் மிச்சமெல்லாம். பெண்ணைப் பெற்றுக் கொடுத்தவளுக்கு ஒருவன் தரக்கூடிய மரியாதை அது.

ஆனால் அவனைத் தெரியாது என்று அவளால் சொல்ல முடியாது. கொட்டகையில் காலை அவளுடையது, பிற்பகல் அவனுடையது. நிலக்கரிச் சுரங்கம் மூடி அவனுக்கு வேலை போனதிலிருந்து அப்படித்தான் நடந்தது. காலையில் வந்து பார்த்தால் அவன் முந்தின நாள் செய்தது பட்டடைமேல் இருக்கும். பற்றவைக்கப் பொடி வைத்து ஊதிய இடம் எதுவென்றே தெரியாது, அப்படி ஒரு சுத்தம். அவளுடைய அச்சு மழுங்கியிருந்தால் தீட்டி, பதம் ஏற்றி வைத்திருப்பான். ஒருதடவை அவள் பாதியில் விட்டுப் போன காப்பின் ஓரத்தில், கேட்காமலேயே, முறுக்குக் கம்பி ஒன்றை வைத்துப் பற்றவைத்திருந்தான். அது அவ்வளவு பொருத்தமாக இருந்ததைப் பார்த்து அவள் தனியாக நின்று சிரித்தாள். பதிலுக்கு அன்று ஆட்டுக்கறிக் குழம்பை மூடி, பட்டடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தாள். வழித்து நக்கிய கிண்ணம் மறுநாள் கழுவிக் கவிழ்த்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் காப்பை எடுத்துக்கொண்டு எல்லோரும் கேலப் ஊருக்குக் கிளம்பினார்கள். ரோஸ்லினுக்கு டயாலிசிஸ் நாள். அவளுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன. விட்டு விட்டு அந்த இயந்திரத்தில் போய்ப் படுக்காவிட்டால் உயிர் தங்காது என்று டாக்டர் பச்சையாகவே சொல்லிவிட்டார். டெல்பர்ட் பிக்கப்பை ஓட்ட, ரோஸ்லின் பக்கத்தில் உட்கார்ந்தாள். தெல்மா பின்னால் திறந்த தொட்டியில் போர்வையைச் சுற்றிக்கொண்டு, அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். டெல்பர்ட் உள்ளே இருக்கிற பின்பார்வைக் கண்ணாடியைக் கூரையைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தான்.

கடைக்காரர் ஹோல்கம் காப்பை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அழகு, தெல்மா. பொய் சொல்ல மாட்டேன். இப்படி அடிக்கிற கை இந்தப் பக்கத்துல நாலஞ்சுதான் இருக்கும்."

சொல்லிவிட்டு, காப்பை அவள் பக்கமே தள்ளிவைத்தார். கல்லாவுக்குக் கீழேயிருந்து ஒரு தட்டை எடுத்து வைத்தார். தட்டு நிறையக் காப்புகள். பிறை இருந்தது, கல் இருந்தது, முறுக்குக் கம்பிகூட இருந்தது. தெல்மா ஒன்றை எடுத்தாள். கையில் எடையே இல்லை. பிறைகளின் ஓரம் சப்பிப் போட்ட மிட்டாய் மாதிரி மழுங்கியிருந்தது.

"அச்சுல உருக்கி ஊத்தினது" என்றாள்.

"கப்பல்ல வருது. வர்றவங்களுக்கு வித்தியாசம் தெரியல, என்ன பண்றது சொல்லுங்க? உங்களது ஒண்ணு விக்கிற நேரத்துல இது ஒரு தட்டு போயிடுது."

விற்பனைக்கு நிற்கும் அர்லீன் பின்னாலிருந்து முகத்தைச் சுளித்துக் காட்டினாள். அவள் தெல்மாவின் குலத்தில் தங்கை முறை. "அதைப் போட்டுக்கிட்டுப் பாத்திரம் கழுவினேன் அக்கா, கையெல்லாம் பச்சை. பச்சை குத்திக்கிட்டியான்னு என் பையன் கேக்கிறான்" என்றாள்.

ஹோல்கம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. "இனிமே வீட்ல செஞ்சு எடுத்துட்டு வர்றதை நான் வாங்கப்போறதில்ல. ஆனா உங்களை விட மாட்டேன். ரோட்டைப் பார்த்த அந்தப் பெரிய ஜன்னல் இருக்கே, அதுல ரெண்டு பட்டடை போடப் போறேன். நீங்களும் டெல்பர்ட்டும் உக்காந்து அடிங்க. ஜனங்க நின்னு பார்க்கும், உள்ள வரும். வாராவாரம் சம்பளம்."

தெல்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. "நாங்க ரெண்டு பேரும் ஒரே ரூம்ல உக்கார முடியாதுங்க."

"ஏன், சண்டையா?"

"சண்டையெல்லாம் கிடையாது. அவர் என் மாப்பிள்ளை."

"அதைத்தான் நானும் சொல்றேன். ஒரே குடும்பம்னு போர்டு வைக்கலாம். அதுக்குத்தான் மதிப்பு."

"வேற யாராவது ஆம்பளைய என்கூடப் போடுங்க. இல்லேன்னா அவரை மட்டும் எடுத்துக்குங்க."

"ரெண்டு பேரும் வந்தா ரெண்டு பேருக்கும் வேலை. இல்லேன்னா ஸூனி இனத்துக்காரங்க ஒரு ஜோடி கேட்டுக்கிட்டே இருக்காங்க" என்றார் ஹோல்கம். கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

வீட்டில் அன்று மாலை பேச்சு நடந்தது. டயாலிசிஸ் முடிந்து வந்த ரோஸ்லின் பிழிந்து போட்ட துணி மாதிரி சோபாவில் கிடந்தாள். தெல்மா சமையலறைக் கதவுக்குப் பின்னால் இருந்தாள். டெல்பர்ட் வாசல் படிக்கு வெளியே, சுவரில் சாய்ந்து, மேய்ச்சல் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"அம்மா, ஜன்னல் வேலையைப் பத்தி இவர் கேக்கிறார்…"

"கேட்டது கேட்டுடுச்சு. எனக்குக் கண்ணுக்குத்தான் தடை, காதுக்கு இல்ல" என்றாள் தெல்மா. "முடியாதுன்னு சொல்லு."

"முடியாதாம்."

"அத்தைகிட்ட சொல்லு, எனக்கும் இஷ்டமில்ல. வண்டித் தவணை நின்னு போச்சு. அடுத்த தடவை கடுதாசி வராது, ஆள்தான் வருவான், சாவியைக் கேப்பான்" என்றான் டெல்பர்ட்.

ரோஸ்லின் அதைத் திருப்பிச் சொல்லவில்லை. வண்டி போனால் என்ன ஆகும் என்று அந்த வீட்டில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி வேன் முன்பு வந்துகொண்டிருந்தது. போன மழையில் சேற்றில் சிக்கிக்கொண்ட பிறகு, ரோடு போட்டால்தான் வருவோம் என்று சொல்லிவிட்டார்கள். ரோடு எப்போது போடுவார்கள் என்று கேட்டால் சிரிப்பார்கள்.

"பக்கத்து வீட்டு ஐலீன் மாப்பிள்ளைகூட ஒரே மேஜையில சாப்பிடுறா. கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றாள் ரோஸ்லின், கூரையைப் பார்த்துக்கொண்டு.

"ஐலீனுக்கு எப்பவுமே பார்வை ஜாஸ்தி. அடுத்தவ அடுப்புல என்ன வேகுதுன்னு இங்கேர்ந்தே சொல்வா."

வெளியில் டெல்பர்ட் சிரித்தது கேட்டது. ரோஸ்லினும் சிரித்தாள். சிரித்ததில் இருமல் வந்து, இருமி முடிக்கவே அவளுக்கு நெடுநேரம் ஆனது. கதவுக்குப் பின்னால் நின்ற தெல்மா இருமல் அடங்கும்வரை காத்திருந்தாள்.

"நடுவுல ஒரு கம்பளத்தைக் கட்டித் தொங்கவிட்டா உக்காரலாம்" என்றாள். "அவர்கிட்ட சொல்லு."

"கேட்டுச்சாம்" என்றாள் ரோஸ்லின்.

கடை ஜன்னலில் கட்டிய கம்பளம் பத்து நாள்கூட நிற்கவில்லை. அதற்குள் அந்த ஏற்பாடு தெல்மாவுக்குப் பழகிப்போய்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். அந்தப் பக்கம் டெல்பர்ட் சுத்தியல் விழும், இந்தப் பக்கம் அவளுடையது விழும். அவன் மூன்று சின்னத் தட்டும் ஒரு பெரிய தட்டுமாகப் போவான். அவளுக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. வெள்ளி தரவில்லை, ஹோல்கம் செம்புத் தகடுதான் கொடுத்தார். "பார்க்கிறதுக்குத்தானே" என்றார். செம்பில் அடித்த எதுவும் காப்பாக வளையவில்லை, எதற்கும் கல் ஏறவில்லை. சாயங்காலம் தகடுகளை ஒரு வாளியில் போட்டுவிடுவார்கள்.

பிறகு ஒருநாள் காலை வந்து பார்த்தால் கம்பளம் இல்லை. விலைச்சீட்டோடு சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது. "வெளிச்சத்தை மறைக்குது, தெல்மா. போட்டோல பாதி ஆள்தான் விழுறீங்க" என்றார் ஹோல்கம். அவள் தன் பட்டடையைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். அவள் உட்கார்ந்துவிட்டாள் என்று அர்லீன் போய்ச் சொன்ன பிறகு, வெளியில் தொப்பியைக் கண்வரை இறக்கிக் காத்திருந்த டெல்பர்ட், தரையைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்து, அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தான்.

முதுகோடு முதுகாக ஏன் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று யாரோ ஒரு அம்மாள் கேட்டிருக்கிறாள். அர்லீன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். உள்ளதைச் சொல்லிவிட்டாள். ஹோல்கம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அடுத்த வாரம் ஜன்னலுக்கு வெளியே போர்டு வந்துவிட்டது: 'மாமியாரும் மருமகனும். ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. பார்த்தால் கண் போகும்!'

"அக்கா, என் நாக்கை அறுத்துப் போடணும்" என்றாள் அர்லீன்.

"போட்டா மட்டும் போர்டு இறங்கிடுமா? விடு" என்றாள் தெல்மா.

கூட்டம் வந்தது. சுற்றுலா பஸ்ஸே அங்கே நிறுத்தி ஆள் இறக்கியது. காப்பு அடிப்பதை யார் பார்த்தார்கள்? கண்ணாடியைத் தட்டினார்கள், கை ஆட்டினார்கள். திரும்பு, திரும்பு என்று டெல்பர்ட்டைச் சீண்டினார்கள். பார்த்துவிட்டுப் போகிறவர்கள் உள்ளே வந்து தட்டிலிருந்து ஆளுக்கு ஒன்று வாங்கிக்கொண்டு போனார்கள். அர்லீனுக்குப் பொட்டலம் கட்டிக் கட்டிக் கை வலித்தது. ஒரு தரம் ஹோல்கம் வந்து, அந்தக் காலத்தில் மாமியார்கள் வருவது தெரியட்டும் என்று வெள்ளி மணி கட்டிக்கொள்வார்களாமே, நீங்களும் கட்டிக்கொள்ளக் கூடாதா என்று ஆசையாகக் கேட்டார். "அது மாப்பிள்ளை விலகிப் போறதுக்காகக் கட்டிக்கிறது. இவர் எங்க போவார்?" என்று தெல்மா கேட்டாள். அவர் நியாயம்தான் என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

வண்டித் தவணை கட்டியாகிவிட்டது. ரோஸ்லின் டயாலிசிஸுக்கு ஒருநாளும் தவறவில்லை. தெல்மா அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பிள்ளை பிழைத்துக் கிடக்கிறாளே, இதில் எனக்கு என்ன குறைந்துபோயிற்று என்று மனதுக்குச் சொல்லிப் பார்ப்பாள். மனது கேட்காது. வீட்டுக் கொட்டகை பூட்டிக் கிடந்தது. காலையில் போய்ப் பார்க்க அங்கே எதுவும் வைக்கப்பட்டிருக்காது என்று அவளுக்குத் தெரியும்.

குளிர் தொடங்கியபோது ஹோல்கம் முகம் பார்க்கும் பெரிய கண்ணாடிகள் இரண்டைக் கூரையிலிருந்து சாய்வாக மாட்டினார். ஜன்னலுக்கு வெளியே நிற்பவர்களுக்கு இரண்டு பேருடைய கையும் ஒரே நேரத்தில் தெரிய வேண்டும் என்றார். தலையைத் தூக்கினால் பின்னால் இருப்பவன் முகம் தெரியும் என்று தெல்மா சொன்னாள். "தலையைத் தூக்காம இருங்களேன்" என்றார் அவர்.

தூக்காமல்தான் இருந்தாள். ஆனால் அன்று பிற்பகல் வெளியே ஒரு ஆள் மோதிரக் கையால் ஜன்னல் கண்ணாடியில் படாரென்று அடித்தான். யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்து அவள் தலையை நிமிர்த்திவிட்டாள்.

மேலே கண்ணாடியில் ஒரு மனிதன் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனும் சத்தம் கேட்டுத் தலை தூக்கியிருக்கிறான். காதோரம் நரைத்துவிட்டது. தாடையில் தீப்பட்ட தழும்பு. அவள் நினைத்திருந்ததைவிடக் கண்கள் சின்னவை, களைத்தவை. இவ்வளவு வயதாகிவிட்டதா இவனுக்கு என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. பிறகுதான் உடம்பெல்லாம் கூசியது. குளிக்கும்போது கதவு திறந்துகொண்ட மாதிரி இருந்தது. டெல்பர்ட் தொப்பியைக் கழற்றி முகத்தை மூடிக்கொண்டான். வெளியே நின்றவர்கள் ஓவென்று கத்தி, கை தட்டினார்கள்.

கடை சாத்திய பிறகு அர்லீன் தெல்மாவிடம் வந்தாள்.

"அவர் சொல்லச் சொன்னார் அக்கா. நாளையிலேர்ந்து வரலையாம். அத்தைகிட்ட மன்னிப்புக் கேட்டேன்னு சொல்லுன்னார். அழறார் அக்கா."

"ஹோல்கம் என்ன சொன்னார்?"

"ஜோடி இல்லேன்னா ஜன்னலே வேண்டாமாம். ஸூனிக்காரங்களுக்குப் போன் போடவான்னு கேட்டார்."

தெல்மா கண்ணைக் கசக்கிக்கொண்டாள். கண் உறுத்துகிற மாதிரி இருந்தது. நிஜமாகவே உறுத்துகிறதா, மனப்பிரமையா என்று அவளுக்கே சொல்லத் தெரியவில்லை.

"மன்னிப்பெல்லாம் வேண்டாம், தப்பு அவரோடது இல்லன்னு சொல்லு" என்றாள். "வரச் சொல்லு. நான் கண்ணைக் கட்டிக்கிறேன். நான் பார்க்கலேன்னா வழக்கத்துல பாதியாவது நிக்கும்."

மறுநாள் தலையில் கட்டியிருந்த பூப்போட்ட துணியை அவிழ்த்து, கண்ணை மூடிக் கட்டிக்கொண்டு பட்டடை முன்னால் உட்கார்ந்தாள். செம்புத் தகட்டை விரலால் தடவி ஓரத்தைத் தெரிந்துகொண்டாள். முதல் பிறையை இறக்கினாள். அதன் விளிம்பில் கட்டைவிரல் நகத்தை முட்டுக் கொடுத்து, அச்சை அதன்மேல் சாய்த்து நிறுத்தி, அடுத்ததை இறக்கினாள். வரிசை நேராகப் போவது விரலுக்குத் தெரிந்தது. வெளியே சலசலப்பு அடங்கியது. பின்னால் டெல்பர்ட்டின் சுத்தியல் நின்றது, வெகுநேரம் விழவே இல்லை. அப்புறம் மெதுவாகத் தொடங்கியது. அந்த மூன்று சின்னத் தட்டு, ஒரு பெரிய தட்டு என்ற கணக்கெல்லாம் போய்விட்டது. எப்படியோ அடித்துக்கொண்டிருந்தான்.

வெளியே கை தட்டல் வெடித்தது. அன்று கடையில் தட்டு காலியாகிக் காலியாகி நிரம்பியதாக அர்லீன் வந்து காதில் சொன்னாள். அவள் குரலில் கெட்ட செய்தி சொல்கிற தயக்கம்தான் இருந்தது.

சாயங்காலம் ஹோல்கம் ஜன்னலுக்குள் வந்தார். தெல்மா கண்கட்டை அவிழ்க்கவில்லை. டெல்பர்ட் எழுந்து வெளியே போன பிறகுதான் அவிழ்ப்பதாக இருந்தாள். அவன் நாற்காலி நகர்ந்தது. காலடிச் சத்தம் வாசலை நோக்கிப் போனது. ஹோல்கம் அவளுடைய தகட்டை எடுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

"ஒரு இடத்துலகூடத் தப்பலையே!" என்றார். நிஜமான ஆச்சரியம் அது. தகடு வாளியில் விழுந்து சத்தம் போட்டது.

பிறகு அவள் மடியில் மெத்தென்று எதையோ வைத்தார். துணி. புதுசு, கஞ்சி மொடமொடப்பு இன்னும் போகவில்லை.

"நாளையிலேர்ந்து இதைக் கட்டிக்குங்க, தெல்மா. சிவப்பு. ரோட்டுலேர்ந்தே தெரியும். காசெல்லாம் வேண்டாம், கடையோட அன்பளிப்பு."

தெல்மா துணியைக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தைக் குரல் வந்த பக்கம் திருப்பி உட்கார்ந்திருந்தாள்.

"டெல்பர்ட்!" என்று ஹோல்கம் வாசல் பக்கம் பார்த்துக் கூப்பிட்டார். "போயிடாதே. உனக்கும் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன். ஜோடியா இருந்தாத்தான் நல்லா இருக்கும்."

காலடிச் சத்தம் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து அது திரும்பி உள்ளே வருவது தெல்மாவுக்குக் கேட்டது.